ஒரே செல்போன்... ஆளுக்கொரு தேவை!

மேல்மலை விவசாயக் குடும்பங்கள் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் எதைத் தேடுகின்றன? மருந்துக் கடைக்குக் கிளம்பும் முன் இதை ஏன் யோசிக்க வேண்டும்?

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டிப் போனால் கவுஞ்சி. படிக்கட்டு வயல்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் என்று மாறி மாறிப் பயிராகும் மேல்மலை ஊர். மாலையில் குளிர் இறங்கத் தொடங்கியதும் ஆட்கள் காட்டிலிருந்து வீடு திரும்புகிறார்கள். கை, கால் கழுவி, கடுங்காப்பி குடித்த கையோடு செல்போன் வெளியே வருகிறது. சிக்னல் சரியாகக் கிடைக்காத நாளில் மேட்டில் ஏறி நின்று தேடுவதும் மேல்மலைக்காரர்களுக்குப் பழக்கம்தான்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். வீட்டுக்காரர் பூண்டு விலை வந்திருக்கிறதா என்று வாட்ஸ்அப் குரூப்பைத் திறக்கிறார். வீட்டுக்கார அம்மா, பெரியகுளத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கு வாய்ஸ் மெசேஜ் போடுகிறார்; எழுத்துக்கூட்டி டைப் செய்ய அவருக்குப் பொறுமை இல்லை. மகன் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறான். பாட்டிக்குப் பேரன் ஏதாவது ஒரு கோயில் திருவிழா வீடியோவைப் போட்டுக் கொடுத்தால் போதும். நான்கு பேரையும் 'எப்பப் பார்த்தாலும் போன்' என்று ஒரே வார்த்தையில் திட்டிவிடலாம். ஆனால், நான்கு பேரும் தேடுவது நான்கு வெவ்வேறு விஷயங்கள். ஒருவருக்கு வருமானம், ஒருவருக்கு உறவு, ஒருவருக்குத் தன்னை நாலு பேர் கவனிக்க வேண்டும் என்ற ஆசை, இன்னொருவருக்குப் பேச்சுத்துணை.

இதைப் பொழுதுபோக்குக் கதை என்று ஒதுக்க முடியாது. அதே போனில்தான் 'பூண்டு மஞ்சளானால் இந்த மருந்தை அடியுங்கள்' என்ற வீடியோவும் வருகிறது. அதை நம்பி மருந்து வாங்கியவர்களும், அதனால் ஒரு போகத்தை இழந்தவர்களும் எல்லா ஊரிலும் உண்டு. யார் எதற்காகப் பதிவு போடுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்வது, விதை வாங்கும்போது முளைப்புத்திறன் பார்ப்பது போல அவசியமாகிவிட்டது.

ஆராய்ச்சியாளர் பார்த்த தமிழ்நாட்டுக் கிராமங்கள்

மக்கள் ஏன் பதிவிடுகிறார்கள் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மானிடவியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பேராசிரியர் டேனியல் மில்லர் தலைமையில் ஒன்பது பேர் உலகின் ஒன்பது இடங்களுக்குப் போய், ஒவ்வொருவரும் 15 மாதங்கள் அங்கேயே தங்கி மக்களோடு பழகிப் பார்த்தார்கள். சீனா, பிரேசில், துருக்கி, இத்தாலி, டிரினிடாட் என்று நீளும் அந்தப் பட்டியலில் தமிழ்நாடும் உண்டு. ஸ்ரீராம் வெங்கட்ராமன் என்ற ஆய்வாளர் சென்னைக்குத் தெற்கே, ஐ.டி. நிறுவனங்கள் முளைத்த பகுதியில் இருக்கும் கிராமங்களை எடுத்துக்கொண்டார். மக்களின் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக 'பஞ்சகிராமி' என்று புனைபெயர் வைத்தார். அவருடைய புத்தகம் 2017-ல் வெளிவந்தது.

ஐ.டி. கம்பெனி பக்கத்துக் கிராமத்துக்கும் கவுஞ்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அவர் கண்டவற்றைக் கேட்டால் சம்பந்தம் புரியும். புதிய கருவி வந்ததால் மக்கள் புதிய மனிதர்களாகிவிடவில்லை. உறவு, சாதி, வயது, ஆண் பெண் வேறுபாடு என்று வெளியே என்னென்ன கட்டுகள் இருக்கின்றனவோ அவையெல்லாம் போனுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டன என்கிறார். முன்பின் தெரியாதவரோடு பேசும்போதுகூட 'அண்ணா', 'அக்கா' என்று முறை வைத்த பிறகுதான் பேச்சு தொடர்கிறது. தினமும் காலையில் சாமி படத்தோடு 'காலை வணக்கம்' அனுப்பும் பெரியவர்களைப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். அனுப்புகிறவர்களோ அதை ஒரு நல்ல காரியமாக, அடுத்தவருக்கு நல்லது நினைக்கும் செயலாகச் செய்கிறார்கள். வாசலில் கோலம் போடுவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

குழந்தை படத்தைப் பொதுவில் போட்டால் கண்ணுபடும் என்று தயங்குவதும், வீட்டுப் பெண்கள் ஃபேஸ்புக்கில் இருப்பதைவிட உறவுக்காரர்கள் மட்டும் உள்ள வாட்ஸ்அப்பில் இருப்பதே பரவாயில்லை என்று குடும்பங்கள் நினைப்பதும் அந்த ஆய்வில் வருகின்றன. மேல்மலையில் இதைச் சொன்னால், 'இதுக்கு லண்டன்ல இருந்து வரணுமா?' என்று சிரிப்பார்கள்.

விலைக்காகக் காத்திருப்பவர்கள்

கவுஞ்சி விவசாயிக்குப் போன் முதலில் ஒரு சந்தை. மலைப்பூண்டு இறங்கும் முக்கியமான இடம் தேனி மாவட்டம் வடுகபட்டி. காய்கறிக்கு ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, மதுரை. முன்பெல்லாம் மூட்டையை ஏற்றி அனுப்பிவிட்டு, மறுநாள் கமிஷன் கடைக்காரர் சொல்வதுதான் விலை. மலை இறங்கிய சரக்கைத் திருப்பி ஏற்ற முடியாது என்பது அவருக்கும் தெரியும், விவசாயிக்கும் தெரியும். இப்போது ஏற்றுவதற்கு முன்பே, 'மாப்ள, இன்னைக்கு வடுகபட்டியில என்ன விலை போச்சு?' என்று குரூப்பில் ஒரு கேள்வி போடலாம். இரண்டு பேர் சொல்லும் விலை ஒத்துப்போனால் நம்பலாம். வண்டிக்காரர் சொல்வதையும் சேர்த்துப் பார்ப்பவர் இன்னும் கெட்டிக்காரர்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 'சிங்கப்பூர் ரெட்', 'மேட்டுப்பாளையம்' என்ற இரண்டு ரகங்கள், மே மாதத்தை ஒட்டியும் நவம்பரை ஒட்டியும் இரண்டு பட்டங்கள் என்று மேல்மலை வாழ்க்கையே அதைச் சுற்றித்தான் ஓடுகிறது. குறியீடு வந்த பிறகு மலைப்பூண்டைப் பற்றிய வீடியோக்கள் பெருகின. வீடியோவைப் பார்த்துவிட்டு நேரடியாகப் பூண்டு கேட்கும் வெளியூர் ஆட்களும் வருகிறார்கள். ஐந்து கிலோ, பத்து கிலோ கேட்பவர்களுக்குப் பொட்டலம் கட்டி அனுப்புவது சிறு விவசாயிக்கு நல்ல வழிதான். ஆனால், அதே வீடியோக்களின் தயவில் வேறு ஊர்ப் பூண்டையும் 'கொடைக்கானல் பூண்டு' என்று படம் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள்.

சந்தை அடைபட்ட காலத்தில் சமூக வலைதளம் ஒரு விவசாயியைக் காப்பாற்றிய நிகழ்வும் உண்டு. 2020 ஏப்ரலில் ஊரடங்கு. ஈரோடு மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் ஒரு விவசாயிக்கு முட்டைக்கோஸ் அறுவடைக்கு நின்றது, வாங்க ஆளில்லை. வயலில் நின்று வீடியோ எடுத்து ட்விட்டரில் போட்டார். அது சுற்றிச் சுற்றிப் போய் பெங்களூரு தெற்குத் தொகுதி எம்.பி. கண்ணில் பட்டு, அவர் தரப்பில் அந்த முட்டைக்கோஸை வாங்கிக்கொண்டார்கள். அந்த நாட்களில் இந்தியா முழுவதும் எத்தனையோ விவசாயிகள் இதேபோல வீடியோ போட்டார்கள். எல்லோருக்கும் எம்.பி. வரவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விலைச் செய்தியில் இன்னொரு வில்லங்கம். 2023 கடைசியிலும் 2024-லும் பூண்டு விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. அந்த நேரத்தில் எடுத்த வீடியோக்கள் இன்னும் யூடியூபில் கிடக்கின்றன. 'ஏக்கருக்கு லட்சம் லட்சமாக லாபம்' என்ற தலைப்பைப் பார்ப்பவர், அது எந்தத் தேதியில் பதிவானது என்று பார்ப்பதில்லை. விதைப்பூண்டும் அதே விலையில்தான் கிடைத்திருக்கும் என்பதை அந்த வீடியோ சொல்வதில்லை. விலை உச்சத்தில் இருக்கும்போது விதை வாங்கி ஊன்றி, எல்லோரும் ஒன்றாக அறுவடை செய்து, ஒன்றாகச் சந்தைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை உருளைக்கிழங்கு இந்த மலைக்கு எத்தனையோ முறை காட்டியிருக்கிறது. வீடியோ எடுத்தவருக்கு வேண்டியது அந்த வாரப் பார்வையாளர்கள். விவசாயிக்கு வேண்டியது நான்கு, ஐந்து மாதம் கழித்து வரப்போகும் விலை.

மகளிர் குழுவும் குரல் பதிவும்

போனால் கெட்டுப்போனவர்கள் பட்டியலை ஆண்கள் போட்டால் அதில் பெண்கள் பெயர்தான் முதலில் வரும். நடைமுறையில், போனை மிகச் சிக்கனமாக, மிகத் தெளிவான தேவைக்குப் பயன்படுத்துகிறவர்கள் கிராமத்துப் பெண்கள்தான். மகளிர் சுய உதவிக் குழுவின் கூட்டம் எத்தனை மணிக்கு, தவணை கட்டாதவர் யார், ரேஷன் கடையில் அரிசி வந்துவிட்டதா, நாளைக்குக் களை எடுக்க எத்தனை ஆள் வேண்டும்? இதற்கெல்லாம் முன்பு வீடு வீடாக நடக்க வேண்டியிருந்தது. மேட்டு வீடும் பள்ளத்து வீடுமாகக் கிடக்கும் மலையூரில் அது சாதாரண வேலை கிடையாது.

படிக்காதவர்களையும் உள்ளே கொண்டுவந்தது குரல் பதிவு. 'அக்கா, நாளைக்கு எங்க காட்டுக்குப் பீன்ஸ் எடுக்க வந்துருங்க' என்று பேசி அனுப்பினால் வேலை முடிந்தது. ஆனாலும் பல வீடுகளில் பெண்ணுக்கென்று தனிப் போன் இருப்பதில்லை. கணவன் போனிலோ மகன் போனிலோதான் குழுச் செய்தியும் வருகிறது. அவர் வெளியூர் போயிருந்தால் செய்தியும் அவரோடு போய்விடுகிறது. தோட்டக்கலைத் துறையின் மானிய அறிவிப்பு, பயிற்சி முகாம் எல்லாவற்றையும் குரூப்பில் போட்டுவிட்டு 'தகவல் சொல்லியாச்சு' என்று நினைக்கும் அலுவலர்கள் இதைக் கவனிக்க வேண்டும். களை எடுப்பதும், பூண்டு ஊன்றுவதும், தரம் பிரிப்பதும் பெண்கள். குரூப்பில் இருக்கும் நம்பர் ஆண்களுடையது.

பிள்ளைகள் ஏன் கேமராவைத் தூக்குகிறார்கள்?

'படிக்கிற வேலையை விட்டுட்டு வீடியோ எடுக்குறான்' என்ற புலம்பலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் விவசாயக் குடும்பத்து இளைஞர்கள் சிலரும் அவர்களுடைய தாத்தாவும் சேர்ந்து 2018-ல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தொடங்கினார்கள். திறந்த வெளியில் அடுப்பு வைத்து, அண்டா அண்டாவாகச் சமைத்து, சமைத்ததை மற்றவர்களுக்குப் பரிமாறினார்கள். 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் அதுதான். முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாயும் கொடுத்தார்கள். வயலை விட்டு வெளியூர் போகாமலே பிழைக்க முடியும் என்று கண்ணெதிரே காட்டிய உதாரணம் அது. மழை தவறினால் வருமானம் தவறும் வீட்டில் பிறந்த பையனுக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

கணக்கின் மறுபக்கத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க, குறைந்தது 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்த கணக்கும் வேண்டும். அல்லது குறுவீடியோக்களை 90 நாட்களில் ஒரு கோடி முறை பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் மாத வருமானம் நிச்சயமில்லை. தளமும் கையில் இல்லை. டிக்டாக்கில் ஆயிரக்கணக்கான ரசிகர்களைச் சேர்த்து வைத்திருந்த கிராமத்துக் கலைஞர்களுக்கு 2020 ஜூன் 29 அன்று வந்த தடை, ஒரே ராத்திரியில் மொத்தக் கூட்டத்தையும் கலைத்துவிட்டது.

வருமானம் வராது என்று தெரிந்தும் எடுக்கிறார்களே? அங்கேதான் இன்னொரு காரணம் வருகிறது. தினக்கூலிக்குப் போகும் பையனை ஊரில் யாரும் நின்று பார்ப்பதில்லை. அவன் போட்ட பனிமூட்ட வீடியோவுக்கு நூறு பேர் இதயம் போட்டால், அந்த நூறு பேர் அவனைப் பார்த்துவிட்டார்கள். 2009-ல் ஃபேஸ்புக் கொண்டுவந்த 'லைக்' பொத்தான் இந்தப் பசியைத்தான் பிடித்துக்கொண்டது. இவ்வளவு பெரிய கம்பெனி இந்தச் சேவையை நமக்கு ஏன் காசில்லாமல் தருகிறது என்றால், நாம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தை விளம்பரக்காரர்களுக்கு விற்கிறது. நாம் எவ்வளவு நேரம் கீழே தள்ளிக்கொண்டே போகிறோமோ அவ்வளவு அதற்கு வரவு.

இந்த வீடியோக்களின் விளைவு மேல்மலைச் சாலையிலும் தெரிகிறது. மன்னவனூர் ஏரி, கூக்கால் ஏரி, பூம்பாறைப் படிக்கட்டு வயல்கள் எல்லாம் இன்ஸ்டாகிராமில் ஓடத் தொடங்கிய பிறகு கார்கள் மேல்மலைக்குத் திரும்பின. 2024 பிப்ரவரியில் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படம் வந்து குணா குகைக்குக் கூட்டம் அலைமோதியதும் அந்த வரிசையில் சேரும். கூட்டம் தாங்காமல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் கொடைக்கானலுக்குள் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். வீட்டில் தங்க வைத்து, சாப்பாடு போட்டு, பூண்டும் விற்கும் குடும்பங்களுக்குச் சுற்றுலா நல்ல வரவுதான். காய்கறி வண்டி போக்குவரத்து நெரிசலில் நின்றுபோனவருக்கு அது நஷ்டம். போதைக்காளான் தேடிவரும் கூட்டத்துக்கு வழிகாட்டப் போய், போலீஸ் வழக்கில் மாட்டிக்கொள்ளும் மலைக் கிராமத்து இளைஞர்களின் கதை தனி. அந்த வழியைக் காட்டியதிலும் சமூக வலைதளங்களுக்குப் பங்குண்டு.

'நாலு பேருக்குப் பயன்படட்டும்'

தப்பான செய்தியை அனுப்புகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்றால் பிரச்னை சுலபமாக முடிந்துவிடும். பெரும்பாலும் அவர்கள் நல்லவர்கள். 'நமக்குத் தெரிஞ்சது நாலு பேருக்குத் தெரியட்டும்' என்ற எண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள். பயமும் அக்கறையும் சேர்ந்தால் விரல் இன்னும் வேகமாகத் தட்டும்.

2018 மே மாதம் அது உயிரைக் குடித்தது. குழந்தை கடத்தும் வடநாட்டுக் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி பரவியிருந்த நேரம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர் கிராமத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடி வந்தது. வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். கடத்தல்காரர்கள் என்று நினைத்த கூட்டம் அடித்ததில், அறுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி இறந்துபோனார். அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் எத்தனையோ பேர் தாய்மார்களும் தாத்தாக்களுமாகத்தான் இருந்திருப்பார்கள்.

அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் இப்படி உயிர்கள் போன பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் இந்தியாவில் அனுப்ப முடியாதபடி செய்தது. பல கை மாறிய செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி வரும். அப்படிப்பட்டதை 2020 ஏப்ரல் முதல் ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்ப முடியும். இரட்டை அம்பு வந்திருந்தால், அனுப்பியவர் அதை எழுதியவர் கிடையாது. அவருக்கும் யாரோ அனுப்பியது. 'எங்க சித்தப்பா அனுப்பினார்' என்பது அந்தச் செய்திக்குச் சாட்சியாகாது. சித்தப்பா நல்லவர் என்பதற்கு மட்டும் சாட்சி.

பயிர் மருந்துச் செய்திகள் இதே பாதையில்தான் வருகின்றன. முதலில் அனுப்பியவர் விற்பனையாளராக இருக்கலாம். பத்தாவது ஆளாக அனுப்புகிறவர் பக்கத்துக் காட்டுக்காரர். விற்பனையாளரிடம் நாம் காட்டும் சந்தேகத்தைப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் காட்டுவதில்லை.

அயோவா சோளமும் ரேடியோ நெல்லும்

பக்கத்துக் காட்டுக்காரர் மேல் இருக்கும் நம்பிக்கை புதிதல்ல. விவசாயக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் ஒரு பழைய ஆய்வு இதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவிய விதத்தை பிரைஸ் ரயான், நீல் கிராஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943-ல் வெளியிட்டார்கள். 259 விவசாயிகளிடம் விசாரித்தார்கள். புதிய விதை இருக்கிறது என்ற தகவலைப் பலரும் முதலில் விதை விற்பனையாளரிடம்தான் கேட்டிருந்தார்கள். ஆனால், விதைக்கலாம் என்று முடிவெடுக்க வைத்தவர் பக்கத்து வயல்காரர். கேள்விப்பட்டதற்கும் முழு நிலத்திலும் விதைத்ததற்கும் இடையே ஆண்டுக்கணக்கில் இடைவெளி. அந்த இடைவெளியில் கொஞ்சமாக விதைத்துப் பார்த்தார்கள், அடுத்தவர் அறுவடையைப் போய்ப் பார்த்தார்கள்.

நம் ஊரிலும் 1960-களில் தஞ்சாவூர் விவசாயிகள் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி மூலம் ஏ.டி.டி. 27 நெல்லைப் பற்றிக் கேட்டார்கள். அந்த ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் நிலைத்தது. வானொலியில் பேசியவர்களுக்குப் பின்னால் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் இருந்தது; கேட்டவர்கள் பக்கத்து வயலில் அந்த நெல் நிற்பதைக் கண்ணால் பார்க்கவும் முடிந்தது.

வாட்ஸ்அப்பில் இந்த இரண்டு ஆட்களும் ஒருவராகிவிட்டார்கள். விற்பனையாளர் சொன்னது பக்கத்து வயல்காரர் குரலில் வருகிறது. ஆனால், அவர் அதைத் தன் வயலில் போட்டுப் பார்க்கவில்லை. எனவே கேட்க வேண்டிய கேள்வி எளிது: 'அண்ணே, நீங்க அடிச்சுப் பாத்தீங்களா? எந்த மாசம் அடிச்சீங்க?' இந்த ஒரு கேள்விக்கே பாதிச் செய்திகள் நின்றுவிடும்.

மஞ்சள் இலை ஒன்று, காரணம் ஐந்து

இது எவ்வளவு பணம் சம்பந்தப்பட்டது என்பதற்குப் பூண்டு இலை மஞ்சளாவதை எடுத்துக்கொள்ளலாம். இலைப்பேன் சுரண்டியிருந்தால் இலையில் வெள்ளிக்கோடு போலத் தெரியும். ஊதா நிறத் திட்டுகளோடு காய்ந்தால் பூஞ்சாணம். செடியைப் பிடுங்கினால் அடிப்பகுதி அழுகியிருந்தால் அழுகல் நோய். மழைக்குப் பின் பள்ளத்தில் மட்டும் மஞ்சளாகியிருந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அதற்கு வேண்டியது வடிகால். ஐந்தாவது காரணம்தான் வேடிக்கை: பூண்டு முற்றும்போது இலை தானாகவே மஞ்சளாகிச் சாயும். அறுவடைக்கு நிற்கும் பூண்டுக்கு மருந்தடித்துக் காசைக் கரைப்பவர்களும் இருக்கிறார்கள்.

உருளைக்கிழங்கிலும் அப்படித்தான். பின்பருவக் கருகல் என்றால், ஈரமான காலை நேரத்தில் இலையின் அடிப்பக்கம் வெண்மையான பூஞ்சாணம் தெரியும். முன்பருவக் கருகலில் வட்டத்துக்குள் வட்டமாகப் புள்ளி இருக்கும். செடி திட்டுத் திட்டாகக் குன்றி மஞ்சளானால் வேரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். குண்டூசித் தலை அளவில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ முட்டைக்கூடுகள் ஒட்டியிருந்தால் அது முட்டைக்கூடு நூற்புழு. 1961-ல் நீலகிரியில் கண்டறியப்பட்ட இந்த நூற்புழு கொடைக்கானல் மலையிலும் இருக்கிறது. இதற்கு இலையில் தெளிக்கும் மருந்து எதுவும் உதவாது. பயிர் சுழற்சியும் எதிர்ப்புத் திறனுள்ள ரகமும்தான் வழி.

பயிர்ச் சந்தேகம் கேட்டு அனுப்பும் படங்களில் பெரும்பாலும் இருப்பது ஒரே ஒரு மஞ்சள் இலை. அதைப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்லிவிடுகிறவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நான்கு படங்கள் வேண்டும்: வயல் முழுவதும் தெரிவது ஒன்று, முழுச் செடி ஒன்று, இலையின் மேலும் கீழும் தெரிவது ஒன்று, பிடுங்கிய வேர் ஒன்று. காலை வெயிலில் எடுங்கள். ஊன்றிய தேதி, கடைசியாக மழை பெய்த நாள், ஏற்கெனவே அடித்த மருந்து ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் பேசி அனுப்புங்கள். இந்த இதழின் கேள்வி பகுதிக்கு அனுப்புகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

மருந்து வாங்கும் கட்டத்துக்கு வந்துவிட்டால், டப்பாவோடு வரும் தாளில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். டப்பாவில் இருக்கும் நிறக் குறியையும் பாருங்கள்: சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. வீடியோவில் சொல்பவர் இந்தத் தாளைக் காட்டுவதில்லை. கிசான் கால் சென்டரின் 1800 180 1551 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2018-ல் தமிழக அரசு தொடங்கிய உழவன் செயலியில் விலை நிலவரமும் மானிய விவரமும் கிடைக்கும். கொடைக்கானலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. பாதிக்கப்பட்ட செடியை வேரோடு ஒரு பையில் போட்டு, நகரத்துக்குப் போகும் நாளில் எடுத்துப் போகலாம். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் 'என்னப்பா இது?' என்று கேட்பார். அவருக்கும் பூண்டுக்காடு இருக்கும்.

குரூப் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல்மலையில் உருப்படியாக ஓடும் குரூப்புகள் சின்னவை. ஒருவரையொருவர் முகம் தெரிந்தவை. விலைக்கு ஒன்று, பயிர்ச் சந்தேகத்துக்கு ஒன்று என்று பிரித்து வைத்தால், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே விலையைத் தேட வேண்டியதில்லை. காலை வணக்கம் அனுப்புகிறவரை வெளியேற்றத் தேவையில்லை. அவருக்கும் ஒரு குரூப் வைத்துவிடலாம். பயிர்ச் சந்தேக குரூப்பில் 'நான் என் வயலில் செய்தது' என்று தொடங்கும் பதிவுக்கு மட்டும் இடம் என்று ஒரு கட்டுப்பாடு வைக்கலாம். தோற்றதையும் போடச் சொல்லுங்கள். பூண்டில் தோற்ற ஒருவர் ஏன் தோற்றார் என்று சொல்லும் இரண்டு நிமிடக் குரல் பதிவு, லாபக் கதை வீடியோக்கள் பத்துக்குச் சமம். அப்படிப் போட யாரும் லேசில் முன்வருவதில்லை. ஊர் சிரிக்கும் என்ற கூச்சம். யாராவது ஒரு பெரியவர் தொடங்கிவைத்தால் மற்றவர்கள் தொடர்வார்கள்.

இரவு ஒன்பது மணிக்குக் கவுஞ்சியில் குளிர் எலும்பைத் தொடும். கதவுகள் சாத்தியாகிவிட்டன. குரூப்பில் கடைசியாக ஒரு குரல் பதிவு வருகிறது: 'காலையில வண்டி நாலு மணிக்கே கிளம்புது. மூட்டை போடுறவங்க இப்பவே சொல்லிடுங்க.' அதற்குக் கீழே ஒவ்வொருவராக எண்ணிக்கையைப் போடத் தொடங்குகிறார்கள். மூன்று, ஐந்து, இரண்டு...